ஓரத்துல ஓட்டை போட்ட தாள்

— அழைப்புப் பத்திரிகையை நீயே வச்சுக்கோ வள்ளித்தாய். மில்லுல மொத மொதல்ல கம்ப்யூட்டர் ஓட்டுன பொம்பளைன்னு கோவில்பட்டி மண்டபத்துல உனக்கு மாலை போடுதாவ. நான் வந்து கைதட்டணுமாக்கும்?

— வரணும் அண்ணாச்சி. அதுக்குத்தான் நேர்ல வந்தேன்.

— வருவேன். மேடையேறி இதைக் காட்டுவேன். தெரியுதா என்னதுன்னு?

— ஓரத்துல ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாளு... இன்னுமா வச்சிருக்கிய?

— முப்பத்தேழு வருசமா டிரங்குப் பெட்டியில கெடக்கு. வேலைக்கு ஆகாதுன்னு கம்ப்யூட்டரே கழிச்ச ஆளுகன்னு மில் கேட்டுல ஒட்டுனாவ. பதினோரு பேரு. ஏழாவது பேரு பூவனலிங்கம், நாந்தான். ஏன்யான்னு கேட்டா, மிஷின் எடுத்த லிஸ்ட்டு, மனுசன் கை படலைன்னான் மேனேசர். மனுசன்னா சட்டையைப் புடிச்சிருப்பேன். மிஷினுக்குச் சட்டை ஏது?

— நான் கோபால்ங்கிற கம்ப்யூட்டர் பாஷையில எழுதுன புரோகிராம் அண்ணாச்சி அது. ஆள் வேலைக்கு வந்தானா வரலையான்னுதான் பாக்கும். யாரையும் கழிக்காது.

— கோபாலோ கோவிந்தனோ! ஒரு நாள் லீவு போட்டவனில்ல நான். மிஷினே துப்புன ஆளுன்னு ஊரே சிரிச்சுது. எட்டயபுரத்துல இருந்து எம் மவளைப் பாக்க வந்தவன், அதைக் கேட்டு காப்பி கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனான்.

— தெரியும்.

— என்னத்த தெரியும்? ஸ்ட்ரைக்குல கொடி புடிச்சேன், அதான் எம் பேரு வந்துச்சு. அதையாவது ஒத்துக்கோ. உங்க அண்ணன் இசக்கிபாண்டியுந்தான் எங்கூட நின்னு புடிச்சான். அவன் நல்லநேரம், தப்பிச்சான். அன்னிக்கு கேட்டுல எனக்காக அழுத ஒரே ஆளு அவந்தான்.

— அந்தத் தாளைக் கொடுங்க. எழுத்தைப் பாருங்க. எங்க பிரிண்டர் புள்ளி புள்ளியாத்தான் அடிக்கும். இது முழு எழுத்து. டைப் மிஷின்ல அடிச்சது.

— அப்பம் கம்ப்யூட்டரு?

— ஒரு வாரமா ரிப்பேரு. மொதலாளி மவன் ஒரு துண்டுச் சீட்டுல பதினோரு பேரு எழுதிக் கொடுத்தாரு. கம்ப்யூட்டர் தாள்லயே அடி, எவனும் எதுத்துக் கேக்க மாட்டான்னாரு.

— அடிச்சது எவன்?

— நான்தான்.

— தூ! எழுதிக் கொடுத்தவன் செத்து மண்ணாப் போனான். நீ மாலை வாங்கப் போற. மத்த பத்து பேருக்கும் பத்திரிகை தபால்லதான போச்சு? என் வாசல்ல மட்டும் எதுக்கு வந்து நிக்க? சொல்லுட்டி!

— அவரு கொடுத்த சீட்டுல உங்க பேரே இல்ல அண்ணாச்சி. ஏழாவது, இசக்கிபாண்டின்னு இருந்துச்சு.