பேரைச் சொல்லாதீங்க, நங்கை

— அந்த ஒயரை மிதிச்சுப்போடாதீங்க நங்கை. இந்தப் பக்கமாச் சுத்தி வந்து இந்த நாற்காலில உக்காருங்க.

— உக்காந்தாச்சு கண்ணு, நீ பாரு உன்ற வேலையை. நாத்தனாருக்குச் சோத்துப்போசி கொண்டாந்தா வாட்ச்மேன் அத்தனை கேள்வி கேக்கறான். லோகப்பிரியா எங்க ஊட்டுக்காரரோட தங்கச்சின்னு சொன்ன பொறவுதான் உட்டான்.

— ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரி லீவுங்க, அதான். மத்த நாள்லயும் அவன் அப்படித்தான். லாரிக்காரங்க வந்து ரத்தம் குடுக்கற எடம். யாரு வந்தா, யாரு போனான்னு வெளிய பேச்சு வரக்கூடாது.

— எய்ட்ஸுக்குத்தான பாக்கறாங்க? வாய்ல சொல்றதுக்கென்ன, அவிநாசி ரோட்டுச் செவுத்துலயே பெருசா எழுதி வெச்சிருக்குது.

— அதுக்குத்தானுங்க. அண்ணன் போன் பண்ணிச்சா?

— நாக்பூர்ல இருந்து பண்ணினாரு. எஸ்.டி.டி. பூத்துல நின்னுக்கிட்டு ரெண்டு வார்த்தை. காச்சல் இன்னும் உடலையாமா. இந்த லோடு எறக்கிப்போட்டு வாரேன்னாரு.

— ஆடில இருந்து இதே பேச்சுங்க. ஆளு பாதியா எளைச்சுப்போச்சு. ஒரு நல்ல டாக்டர்கிட்டக் காட்டச் சொன்னாக் கேக்கறதில்லை.

— அது கெடக்குது. சோறு ஆறிப்போகும், சாப்புட்டுக்கிட்டே சொல்லு. இந்தப் பொட்டிக்குள்ள எல்லாரு பேரும் இருக்குதா?

— ஒருத்தர் பேரும் இல்லீங்க.

— பேரு இல்லாம யாரு ரிசல்ட்டுன்னு எப்படிக் குடுப்பீங்க?

— ஜாவான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழிங்க. அதுலயே மெசேஜ் டைஜஸ்ட்னு ஒண்ணு கட்டிக் குடுத்திருக்கறாங்க. நாம ஒக்காந்து அந்தக் கணக்கை எழுத வேண்டியதில்லை. எம்டி ஃபைவ் வேணும்னு கேட்டு, ஆளோட பேரு, அப்பா பேரு, பொறந்த ஊரு மூணையும் உள்ள போட்டா, நம்பரும் இங்கிலீஷ் எழுத்துமா நீட்டமா ஒரு அடையாளம் வெளிய வரும். அதை மட்டுந்தான் வெச்சுக்கறோம். பேரை அப்பவே உட்டர்றோம்.

— அந்த அடையாளத்துல இருந்து பேரைத் திருப்பி எடுக்க முடியாதா?

— முடியாதுங்க. இந்தப் புரோகிராமை எழுதினது நான்தான், என்னாலயே முடியாது.

— கிரைண்டர்ல ஆட்டின மாவு மாதர. மறுக்கா அரிசியாகாது.

— அப்படித்தானுங்க. ஆனா அரிசில ஒரு மணி மாறினாலும் மாவு முழுக்க வேறயா வரும். ஆரம்பத்துல ஒரு கிளீனர் வந்தாரு. பேரு அடிக்கறப்போ நடுவுல ஒரு எடம் காலியா உட்டு அடிச்சிருக்கறாங்க, அவ்வளவுதான். ரிசல்ட் கேட்டு வந்தப்போ ஒழுங்கா அடிச்சாங்க, வேற அடையாளம் வந்துருச்சு. அப்படி ஒரு ஆளே வரலைன்னு சொல்லுது மிசினு. என்னைய ஆபீஸ்ல இருந்து கூப்புட்டாங்க. நான் வந்து சரிபண்ணி முடிக்கற மட்டும் அந்த ஆளு வெளிய பெஞ்சுல குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தாரு.

— ரிசல்ட் என்ன வந்துச்சு அவனுக்கு?

— எனக்குத் தெரியாதுங்க. ஹபீபுன்னிசா டாக்டரம்மா என்னைய எந்திரிச்சு வெளிய போகச் சொல்லிட்டாங்க. அவங்களும் அந்த ஆளும் மட்டுந்தான் உள்ள இருந்தாங்க. இங்க அதுதான் வழக்கம். அதுக்கப்பறம் நடுவுல உடற காலி எடமெல்லாம் எடுத்துப்போட்டு, எல்லாத்தையும் இங்கிலீஷ் பெரிய எழுத்தாக்கி அப்பறந்தான் உள்ள உடறேன்.

— ரத்தம் குடுத்துப்போட்டுத் திரும்ப வராதவங்க உண்டா, அம்மணி?

— நெறையப் பேருங்க. பயந்துக்கறாங்க.

— தேடிப் போயிச் சொல்ல மாட்டீங்களா?

— பேரே இல்லீங்களே, எங்கன்னு போயித் தேடறது? அவங்களா வந்து சொன்னாத்தான் உண்டு.

— செரி, நான் ஒண்ணு கேக்கறேன். அதே அரிசியை மறுக்காப் போட்டா அதே மாவுதான வரும்?

— ஆமாங்க.

— அப்ப ஒருத்தன் பேரும், அவன் அப்பன் பேரும், ஊரும் எனக்குத் தெரிஞ்சா, அவன் இங்க வந்தானா இல்லையான்னு பாத்தறலாம்.

— ...பாத்தறலாங்க. வோட்டர் லிஸ்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பேரா உள்ள போட்டா, ஊர்ல யாரு யாரு வந்தாங்கன்னு எவன் வேணாலும் கண்டுபிடிச்சுருவான். மொதல்ல நான் அதை ரோசிக்கலை. இந்த வாரந்தான் பட்டுச்சு. அதை மாத்தத்தான் லீவு நாள்ல வந்து உக்காந்திருக்கறேன்.

— எப்படி மாத்துவே?

— டாக்டரம்மாவுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சொல்லு இருக்கும். பழைய அடையாளத்தை எல்லாம் அந்தச் சொல்லோட சேத்து இன்னொருக்கா ஆட்டற மாதர இன்னிக்கு எழுதி வெச்சுருவேன். நாளைக்குக் காலைல அவங்க வந்து அந்தச் சொல்லை அடிப்பாங்க. அதுக்கப்பறம் அவங்க இல்லாம ஒரு பேரும் ஒத்துப்பாக்க முடியாது.

— அப்ப இன்னிக்கு முடியும்.

— எதுங்க?

— ஒரு பேரு பாக்கறது. கையைக் கழுவிப்போட்டு வா, சொல்றேன். என்ற தங்கச்சி சரசாளுக்கு மாப்பிள்ளை பாத்திருக்குது. உடுமலைப்பேட்டை. தேங்கா மண்டி வெச்சிருக்கறாங்க, சொந்தமா ரெண்டு லாரி. அந்தப் பையன் லாரிலயே பம்பாய், டெல்லின்னு சுத்தினவன். இங்க வந்து ரத்தம் குடுத்தான்னு காதுல உழுந்துச்சு.

— நங்கை.

— பேரு வந்து...

— பேரைச் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

— நாலு எழுத்து அடிக்கறதுக்கு உனக்கென்ன வந்துச்சு? கதவு சாத்திக் கெடக்குது. யாரு பாக்கப் போறாங்க?

— வெளிய அந்த பெஞ்சுல வந்து உக்காந்தவங்க எல்லாம் எங்க பேச்சை நம்பித்தான் ரத்தம் குடுத்தாங்க. உங்க பேரு எங்ககிட்ட இல்லைன்னு சொல்லி வாங்கியிருக்கறோம்.

— என்ற தங்கச்சி செத்துப்போவா.

— தெரியுங்க.

— தெரிஞ்சுமா?

— தெரிஞ்சுந்தானுங்க. அந்தப் பையன் பேரு இல்லைன்னே வெச்சுக்குங்க. அவன் இங்க வரலைன்னுதான் அர்த்தம், அவனுக்கு இல்லைன்னு ஆகாது. பேரு இருந்தாலும் அப்படித்தான், ரிசல்ட் டாக்டரம்மா தொறந்தாத்தான் தெரியும். வந்து பாத்து, ஒண்ணும் இல்லைன்னு போனவனாக்கூட இருப்பான். நீங்க அதைக் கேட்டுப்போட்டுப் போயி ஒறம்பரை, சொந்தபந்தத்துல எல்லாம் சொல்லுவீங்க. அந்தக் குடும்பம் அப்பறம் ஊர்ல தலைகாட்ட முடியுங்களா? டாக்டரம்மாகிட்டச் சொல்றேன். பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து வந்து பாத்துக்கட்டும். அவங்க பக்குவமாப் பேசுவாங்க.

— கல்யாணத்துக்கு முன்னால ரத்தம் பாக்கோணும்னு எந்த ஊட்ல கேக்க முடியும்? தட்டை மாத்தாம எந்திரிச்சுப் போயிருவாங்க.

— கேக்கறது கஷ்டந்தானுங்க.

— உங்கம்மா வந்து கேட்டா?

— எங்கம்மாவுக்கும் இதேதானுங்க.

— ஒருவேளை உங்கண்ணன் தம்பிதுரை பேரு இதுல கெடந்துச்சுன்னு வெய்யி. கட்டினவ நானு. நான் வந்து கேட்டா?

— ...சொல்ல மாட்டேனுங்க.

— எங்கிட்டக்கூட?

— உங்ககிட்டக்கூடத்தான். நான் பாக்கவே மாட்டேன். பாத்தா என்ற மூஞ்சி காட்டிக் குடுத்துரும்.

— சுத்தமா மனசு எறங்காதா உனக்கு?

— எறங்காம இல்லீங்க. நாளைக்கு சரசாளுக்கு ஒண்ணுன்னா நான் எப்படி உங்க மூஞ்சில முழிப்பேன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கறேன். ஆனா இந்த நாற்காலில ஆளு வந்து உக்காந்து, அவங்களே அவங்க வாயால சொல்லோணும். வேற வழி நான் வெக்கலீங்க.

— உக்காந்துதான இருக்கறேன்.

— என்னங்க?

— சரசாளுக்கு மாப்பிள்ளையும் பாக்கலை, ஒண்ணும் பாக்கலை. தை போயித்தான் பேச்சே எடுக்கறதுன்னு அப்பா சொல்லிப்போட்டாரு.

— அப்பறம் எதுக்குங்க இத்தனை நேரம்...

— நீ யாருக்காச்சும் சொல்லிப்போடுவியான்னு பாத்தேன், கண்ணு. நீ அந்த ஊட்டுப் பொண்ணு. உங்கம்மாவும் நானும் ஒரே அடுப்புல பொங்கித் திங்கறோம். நீ அந்தப் பேரை அடிச்சிருந்தீன்னா, போசியைக் கழுவிக்கிட்டு அப்படியே போயிருப்பேன்.

— நங்கை, நீங்க எப்ப இங்க...

— ஆவணில. முக்காடு போட்டுக்கிட்டு வந்து ரத்தம் குடுத்தேன். நீ அன்னிக்கு இல்லை, விசாரிச்சுப்போட்டுத்தான் வந்தேன். அந்த டாக்டரம்மா என்ற கையைப் புடிச்சு, அடுத்த வாரம் கண்டிப்பா வாம்மான்னாங்க. மூணு தடவை பஸ் ஏறினேன். ஸ்டாப்புல எறங்கி, ரோட்டைத் தாண்டக் கால் வரலை. திரும்பி ஊட்டுக்கே போயிருவேன்.

— கொஞ்சம் தண்ணி குடிங்க.

— வேண்டாம். அடி. பழனியாத்தாள். அப்பன் பேரு சுப்பண்ணன். பொறந்தது தொண்டாமுத்தூர்.

— அடிக்கறேனுங்க.

— வந்துச்சா?

— வந்திருக்குதுங்க. நீங்க வந்த அடையாளம் இருக்குது. அதுக்கு மேல நான் தொறக்கலை. டாக்டரம்மா ஊட்டுக்குப் போன் போடறேன். உக்கடத்துல இருந்துதான வரோணும், உடனே வந்துருவாங்க.

— போடு.

— அவங்க வந்ததும் நான் வெளிய போயிரோணுங்க.

— போயிக்க. வெளிய அந்த பெஞ்சுல இரு. ஊட்டுக்கு மட்டும் தனியாப் போகச் சொல்லிராதே.

— இருக்கறேனுங்க. எத்தனை நேரமானாலும் இருக்கறேன். நங்கை... எங்கண்ணன்... அப்ப அவருக்கு...

— உங்கண்ணன் பேரை உங்கண்ணன் வந்து சொல்லட்டும், கண்ணு.