ஆயில் டப்பா வைத்த ஸ்டூல்

உங்கள் பைக்கை மரத்தடியில் நிறுத்தியிருக்கலாம். இந்த வெயிலில் சீட் கொதித்துக் கிடக்கும். இப்போது ஏறினால் நின்றுகொண்டேதான் ஓட்டிப்போக வேண்டும். வண்டியை இந்த நிழலுக்குத் தள்ளிவிட்டு, அது ஆறும்வரை இப்படி கேட் ஓரமாக நில்லுங்கள், தம்பி. "ஏம்மா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டீர்கள். பதில் சொல்ல அந்த நேரம் போதும்.

முதலில் நன்றி. "கரண்டு போய்ப் போய் வந்தா செட்டிங் தானா மாறிடும் சார்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னீர்கள். தானாக மாறாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் விற்கிற அளவுப் பெட்டியின் கைப்புத்தகத்தில், கடைசிக்கு முந்தைய பக்கத்தில் அது இருக்கிறது. மூன்று பட்டன்களை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால்தான் அந்த இடத்துக்கே போக முடியும். கரண்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மாற்றியது நான்தான். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்களே ஒரு பார்வை, ஏதோ நான் சாப்பாட்டில் விஷம் வைத்தது மாதிரி, அது எனக்குப் பிடிக்கவில்லை. முழுக்கக் கேட்டால் நீங்களே நியாயம்தான் என்பீர்கள்.

அவர் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் கார் ஷெட்டைக் காலி செய்து, இரும்பைச் செதுக்குகிற அந்த மில்லிங் மிஷினை வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து கார் வெயிலில் நிற்கிறது, மிஷின் போர்வை போர்த்திக்கொண்டு உள்ளே இருக்கிறது. ஒரு குட்டி நீராவி எஞ்சின் செய்ய வேண்டும், அது தானாக ஓட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை. வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது.

மிஷினின் கைப்பிடியில் கோடு போட்ட வளையம் இருக்குமே, ஒரு சுற்றுக்கு, இரும்பை வைக்கிற மேஜை இவ்வளவு நகரும் என்று கணக்கு. அந்தக் கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை சுற்று சுற்றினோம் என்பதும் நினைவில் நிற்காது, ஏனென்றால் அவர் மனதில் அதற்குள் எஞ்சின் ஓட ஆரம்பித்திருக்கும். அதனால் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார். அவர் சுற்றுவார், நான் எண்ணுவேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, இன்னும் கால் சுத்து, மெதுவா, நிறுத்துங்க." தாண்டிவிட்டால் லேசாகப் பின்னால் திருப்பிச் சரிக்கட்ட முடியாது. திருகில் கொஞ்சம் தளர்வு இருக்கும், ப்ளே என்பீர்களே, கைப்பிடி திரும்பும், மேஜை திரும்பாது. நன்றாகப் பின்னால் போய் மறுபடி அதே பக்கத்திலிருந்து வர வேண்டும். "தாண்டிட்டீங்க, பின்னாடி போயிட்டு வாங்க" என்பேன். முகம் சுளிக்காமல் போய்விட்டு வருவார். வேறு எந்த விஷயத்திலும் நான் சொல்லி அவர் ஓர் அடி பின்னால் போனதில்லை.

அவர் பேசுகிற ஆள் இல்லை, தம்பி. வீட்டுக்குள் "உம்", "சரி", "அப்புறம் பாக்கலாம்", இதோடு அவர் அகராதி முடிந்தது. ஷெட்டுக்குள் நுழைந்தால் மட்டும் "இப்ப எவ்வளவு? எவ்வளவு வந்திருக்கு? பாத்துச் சொல்லு" என்று வாய் ஓயாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை எல்லாம் கூட்டினாலும் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தபோது கேட்டதில் பாதி தேறாது. எஞ்சினின் அடித்தட்டை அப்படித்தான் செய்தோம். நாலு மூலைக்கு நாலு ஓட்டை, நான் எண்ண எண்ண அவர் போட்டது.

பிறகு, மேஜை நகர்ந்த அளவை எண்ணில் காட்டுகிற உங்கள் பெட்டி வந்தது.

மேஜையின் பின்பக்கம் அந்த நீள ஸ்கேலைப் பொருத்தும்போது நானும்தான் கூட நின்றேன். மேஜைக்கு நேராக இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் உரசும் என்று டயல் கேஜை வைத்து முள்ளைப் பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். கைப்புத்தகத்தின் எழுத்து கடுகு அளவு. அதையும் நான்தான் சத்தமாகப் படித்தேன், அவர் பட்டன்களை அழுத்தினார். அன்றைக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்துகிற காரியத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்து நடத்திக் கொடுத்தேன்.

பெட்டியைப் போட்டதும் கட்டைவிரல் உயரத்துக்குப் பச்சைப் பச்சையாக எண்கள் வந்தன. கண்ணாடி இல்லாமலே அவருக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மேஜையை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். சுற்றை எண்ண வேண்டாம், ப்ளே பற்றிய கவலையும் வேண்டாம், மேஜை நகர்ந்தால்தான் எண் நகரும். என் பக்கம் திரும்பி, "இனிமே உனக்குத் தொல்லை இல்ல. நீ போய் நிம்மதியா டிவி பாரு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஆயில் டப்பாவை எடுத்து என் ஸ்டூலின் மேல் வைத்தார்.

கொஞ்ச நாள் டிவி பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. பழியைச் சீரியலின் மேல் போட முடிந்தது, அந்த ஒரு வசதிதான் அதில் இருந்தது.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், ஷெட்டுக்குப் போய் அந்த மூன்று பட்டன்களை அழுத்தினேன். பெட்டி நூறு எம்.எம். என்று காட்டும்போது மேஜை அரை எம்.எம். குறைவாக நகர்ந்திருக்கும், அவ்வளவுதான் செய்தேன். சின்ன அளவுகளில் தெரியவே தெரியாது, நீளம் போகப் போகத்தான் கடிக்கும். வெறும் குறும்பு. ஒரு நாள் கூத்து, மறுநாள் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் எஞ்சினின் மேல்தட்டில் ஓட்டை போட்டு, நாங்கள் இருவரும் செய்த அடித்தட்டின் மேல் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஸ்க்ரூ இறங்கியது. மறுபக்கம் ஓட்டைக்குள்ளிருந்து பிறை மாதிரி இரும்பு எட்டிப் பார்த்தது. அவர் முட்டாள் இல்லை, முதலில் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டார். பெட்டி நூறு காட்டும்வரை மேஜையை ஓட்டி, ஒரு தகட்டில் புறப்பட்ட இடத்திலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் கோடு கிழித்தார். வெர்னியரின் இரண்டு முனைகளையும் அந்தக் கோடுகளில் வைத்தார். வெர்னியர் காட்டுவதையும் அவரால் படிக்க முடியாதே, என்னைக் கூப்பிட்டார்.

"எவ்வளவு இருக்கு?"

"நூறு."

"சரியாப் பாத்தியா?"

"நூறு புள்ளி சைபர் சைபர்."

தொண்ணூற்றொன்பதரை இருந்தது. தெளிவாகவே தெரிந்தது. அவர் வெர்னியரைத் துடைத்து உறையில் போட்டார். "அப்ப தப்பு எம்மேலதான்" என்றார். பிறகு ஆயில் டப்பாவைக் கீழே இறக்கிவிட்டு, ஸ்டூலைத் தன் சட்டை நுனியால் துடைத்து, "கொஞ்சம் உக்காரேன்" என்றார்.

உண்மை வாய் வரை வந்தது, தம்பி. ஆனால் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியை எப்போதும் தப்பாகவே வைத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு பாவி இல்லை நான். நாங்கள் சேர்ந்து செய்தது நாலைந்து சரியாக வந்ததும் அவருக்குத் தெம்பு வரும், "இன்னைக்கு நானே பாத்துக்கறேன்" என்பார். பாவமாக இருக்கும். சரியாக வைத்துவிடுவேன். அன்றைக்கு எல்லாம் கச்சிதமாக வரும். மறுநாளும் தனியாகவே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினால்தான் மாற்ற வேண்டியிருக்கும். இப்படி நான் இரக்கப்பட்டதுதான் வினையாகப் போயிற்று. "மிஷின் தப்புன்னா தினமும் ஒரே மாதிரி தப்பா இருக்கும்" என்றார் ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துக்கொண்டு. "ஒரு நாள் சரி, ஒரு நாள் தப்புன்னா அது மனுஷன் பண்றது." அந்த மாதிரி யோசிப்பதற்குத்தான் தொழிற்சாலையில் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எந்த மனுஷன் என்பதில்தான் கொஞ்சம் பிசகிவிட்டார்.

கண் டாக்டரிடம் போனோம். புதுக் கண்ணாடி வந்தது. பிறகு கை நடுங்குகிறதோ என்று டீக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் மகள், வெளியூரில் இருக்கிறாள், எண் காட்டுகிற வெர்னியர் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அதற்குப் பேட்டரி நிற்கவே நிற்காது. தீர்ந்துபோன பேட்டரிகளை நான்தான் பத்திரமாக எடுத்து வைத்து அதில் போட்டுக்கொண்டிருந்தேன். ஷெட்டில் ஸ்பேனரை ஒரு தடவை இடம் மாற்றி வைத்தேன். சரி, ஒரு தடவை இல்லை. வைத்த இடத்தில் பொருள் இல்லையென்றால் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது, நானும் ஒரு மனுஷிதானே.

கார் சாவியை அவராகவே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. "அரை எம்.எம். புரியாதவன் ரோட்ல போற சைக்கிளுக்கு எப்படி ஒதுங்குவேன்?" என்றார். அதிலிருந்து எங்கே போனாலும் பஸ்ஸில் ஒன்றாகப் போகிறோம்.

போனில் மகள் பயந்துபோய், "அம்மா, அப்பா நல்லாத்தானே இருக்கார்?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கார், லேசா மறதி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நரம்பு டாக்டரிடம் அவளே ஏற்பாடு செய்தாள். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார் அந்த டாக்டர். இவர் காம்பஸ் கேட்டார். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான், அவருக்கு ஒன்றுமில்லை என்று எனக்கு முன்னாலேயே தெரியும் என்றாலும்.

அவர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதார். "ஒண்ணும் இல்லேன்னா, கண்டுபிடிக்கவே முடியாத வியாதியா இருக்கும்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்ததே இல்லை அவர். பஸ்ஸில் ஏறி, இறங்கி, வீட்டுக் கதவைத் திறக்கிற வரை விடவில்லை. ஒரு கையாலேயே பூட்டைத் திறந்தேன்.

மகளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்பா தலையை ஸ்கேன் பண்ணியாச்சு. அந்தப் பெட்டியோட தலையை யாராவது பாத்தீங்களாம்மா?" என்று கேட்டாள். யாரைக் கொண்டு பிறந்தாளோ, அப்படி ஒரு புத்தி. அவள்தான் உங்களை வரச்சொன்னது. நீங்கள் சாயங்காலம் வருவீர்கள் என்றாள். மத்தியானம் அவர் தூங்கும்போது சரியாக வைத்துவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் என்னடாவென்றால் அவர் சாப்பிட்ட கையைக் கழுவுவதற்குள் வந்து நிற்கிறீர்கள். இந்தக் காலத்தில் சொன்ன நேரத்துக்கு முன்னால் யார் வருகிறார்கள்?

மற்றது உங்கள் கண் முன்னால் நடந்தது. உங்கள் அளவுக் கட்டையை மேஜையில் வைத்தீர்கள், ஓட்டினீர்கள், மூன்று பட்டன்களை அழுத்தினீர்கள், என்னைப் பார்த்தீர்கள். சரிசெய்தீர்கள். "சார், உங்க மேல தப்பே இல்ல, செட்டிங்தான் மாறியிருந்துச்சு" என்றீர்கள். அப்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? எங்கள் கல்யாண போட்டோவில்தான் அந்த முகம் இருக்கிறது. நிமிர்ந்து நின்றார். கைப்பிடியைத் தானாகவே எட்டிப் பிடித்தார்.

பிறகு ஏதோ நினைவு வந்து என் பக்கம் திரும்பினார். "ஆனா அன்னைக்கு வெர்னியர்ல நூறு இருந்துச்சே. நீதானே பாத்த?"

ஸ்க்ரூடிரைவரைப் பையில் போடப் போன உங்கள் கை அப்படியே நின்றது. நீங்களும் என்னைப் பார்த்தீர்கள், அவரும் என்னைப் பார்த்தார். ஆயில் டப்பா மிஷின் ஓரமாக இருந்தது. ஸ்டூல் அவர் காலடியில் இருந்தது.

"ஆமா. நூறுதான் இருந்துச்சு" என்றேன்.

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தம்பி நல்ல பையன், என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றார்" என்று உங்கள் தோளைத் தட்டிக் கொடுத்தார். கட்டைவிரல் உயர எண்களுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "இப்ப எவ்வளவு காட்டுது?" என்று என்னைக் கேட்டார். நூறு என்றேன். எவ்வளவு நிம்மதியாகத் தலையாட்டினார், பார்த்தீர்கள் அல்லவா? அதற்குத்தானே கேட் வரை வந்து ஏம்மா என்று கேட்கிறீர்கள்.

சீட் ஆறியிருக்கும், தொட்டுப் பாருங்கள். உள்ளே என்னைக் கூப்பிடுகிறார், கேட்கிறதா? நான் போய் எண்ண வேண்டும். நீங்கள் சின்னப் பிள்ளை, உங்களுக்குப் போகப் போகப் புரியும். தன் கண்ணைவிட, தன் கையைவிட என்னை நம்புகிற மனுஷர் அவர். அப்படிப்பட்டவரிடம் போய், நான் சொன்னது பொய் என்று சொல்லி அவர் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.