மூன்றாம் அறையும் பச்சைதான்

இந்த ஃபேன் கீச்சிடுகிறது, மேடம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சத்தம் என்றால் எனக்கு ஆகாது, அவ்வளவுதான். வீட்டில் குக்கர் கூவ ஆரம்பித்தால் நானே எழுந்து போய் அடுப்பை அணைத்துவிடுவேன். உள்ளே இருப்பது வெந்ததா என்பது வேறு விஷயம். என் மனைவி அதை ஒத்தாசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்களுடையது குளிர்பதனக் கிடங்கு. வரிசையாக அறைகள், அறை நிறைய உறைந்த மீன், பட்டாணி, ஐஸ்கிரீம். அதில் கண்காணிப்புப் பிரிவு என் பொறுப்பு. எங்களிடம் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று டாஷ்போர்டு. முன் அலுவலகத்துச் சுவரில் பெரிய திரை, அறைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் குளிர் எவ்வளவு என்ற எண். நாங்கள் அதைப் பலகை என்போம். மற்றது அலாரம். ஏதாவது கோளாறு என்றால் அது போனில் கூப்பிடும். முதலில் ஷிப்டில் இருப்பவரை. அவர் எடுக்காவிட்டால் என்னை. நானும் எடுக்காவிட்டால் மேனேஜரை. அவரும் எடுக்காவிட்டால் நேராக முதலாளியை.

இந்த இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒன்றோடு ஒன்று பேசாது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. அலாரம் அங்கே தொண்டை கிழியக் கத்தும், பலகை இங்கே ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கும்.

ஒருநாள் முதலாளி பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது அலாரம் அவரைக் கூப்பிட்டுவிட்டது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வாயில் பஞ்சோடு மேனேஜருக்கு அவர் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“பட்டாணி குளிரலன்னா நான் என்னய்யா பண்ணணும்? வந்து ஊதி விடணுமா?”

“சரிங்கய்யா” என்றார் மேனேஜர். அவருக்கு எங்களிடம் வேறு பெயர் கிடையாது. அதுதான் பெயர். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

“இந்தாப்பா, ரெண்டையும் ஒண்ணா இணைச்சு விடு. அப்புறம் அந்தப் பலகையில பச்சையத் தவிர வேற கலர் என் கண்ணுல படக்கூடாது. எப்படிப் பண்ணுவியோ, எனக்குத் தெரியாது.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள், மேடம். எனக்குத் தெரியாது. அவர் அன்றைக்கே வாக்குமூலம் கொடுத்துவிட்டார்.

இணைக்க ஒரு பிளக்இன் போதும், கம்ப்யூட்டரில் போடுகிற சின்ன புரோகிராம்தான். சம்பந்திகளுக்கு நடுவே தூது போகிற ஆள் மாதிரி, அலாரம் சொல்வதைப் பலகையிடம் கொண்டுவந்து சொல்லும். கட்டம் சிவக்கும். யாராவது பார்த்துவிட்டு ஒரு பொத்தானைத் தொட்டால், அந்தச் செய்தியைத் திரும்பக் கொண்டுபோய் அலாரத்திடம் சொல்லும். அலாரம் வாயை மூடும். பொத்தானில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. நான் தமிழில் மாற்றினேன். ‘பார்த்தாச்சு.’ ஊழியர்கள் பாராட்டினார்கள். பொத்தானைத் தொட்டால் கட்டம் மஞ்சளாக வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பழுதைச் சரிசெய்த பிறகுதான் பச்சை. அதையும் மாற்றினேன், தொட்டதுமே பச்சை. மஞ்சள் என்றால் என்ன என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பச்சையைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை.

இந்த இடத்தில் என் மச்சினனைச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி, எங்கள் கிடங்கின் மெக்கானிக். வேலை வாங்கிக் கொடுத்தது நான். நல்ல பையன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒவ்வொரு குளிர் அறையிலும் கதவுக்கு உள்பக்கம் ஒரு மணிப் பொத்தான் உண்டு. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு. அழுத்தினால் அதுவும் அலாரமாகத்தான் வரும். அதன் மேல் ஒரு சின்ன விளக்கு வைக்கச் சொன்னவன் அவன்தான்.

“மாமா, வெளிய யாரோ பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சாலே உள்ள இருக்கிறவனுக்குப் பாதிக் குளிர் போயிடும். பார்த்தாச்சுன்னு இங்க தொட்டா அங்க லைட் எரியற மாதிரி பண்ணு.”

பண்ணினேன். விளக்குக்குக் கீழே அவனே ஒரு தாளில் எழுதி ஒட்டினான்: ‘எரிந்தால் பயப்படாதே. ஆள் வருகிறது. தெம்பை வீணாக்காமல் உட்கார்.’

இவ்வளவும் நல்ல காரியங்கள். அடுத்ததைத்தான் நீங்கள் குற்றம் என்கிறீர்கள்.

ஆட்கள் பொத்தானைத் தொடச் சோம்பினார்கள். சிவப்பு கொஞ்ச நேரம் நின்றுவிடும். மேனேஜர் முகம் அதைவிடச் சிவக்கும். ஆகவே பிளக்இன்னில் நான் இரண்டு மூன்று வரி சேர்த்தேன். அலாரம் வந்தவுடன் பிளக்இன் தானே ‘பார்த்தாச்சு’ சொல்லிவிடும். ஆனால் யார் பார்த்தது என்று சிஸ்டம் ஒரு பெயர் கேட்கும். பெயர் இல்லாமல் விடாது. என் பெயரைப் போட்டால் நன்றாக இருக்காது. அடுத்தவன் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவான். மச்சினன் பெயரைப் போட்டேன். வீட்டுப் பையன், உரிமை இருக்கிறது.

அதன் பிறகு கிடங்கில் நிலவிய அமைதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அவன் ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தான். “மாமா, நேத்து நான் லீவு. வீட்டுல படுத்துக்கிட்டே அத்தனை அலாரத்தையும் பாத்துத் தள்ளியிருக்கேன். சரிங்கய்யா கையப் புடிச்சுக் குலுக்குறாரு.”

“நல்ல பேருதானே மாப்ள. சும்மா வருது, வாங்கிக்கோ.”

“பேரு வரட்டும். மூணாம் ரூம் உள்கைப்பிடி சரியா விழலன்னு அலாரம் வந்திருக்கு. கதவு சாத்திக்கிட்டா உள்ளருந்து திறக்க வராது. அதையும் நான் பாத்துட்டேனாம். எப்ப பாத்தேன்? எனக்கே இப்பத்தான் தெரியும்.”

“விசிட் முடியட்டும்டா. கைப்பிடி எங்க ஓடிடப் போகுது?”

“அதுக்குள்ள எவனாவது மாட்டினா?”

“லைட்தான் எரியுமே.”

அவன் சிரிக்கவில்லை. “விசிட் முடிஞ்சதும் இந்தக் கூத்த எடுத்துடு மாமா. இல்லன்னா முதலாளிகிட்ட நானே சொல்லிடுவேன். அக்கா மூஞ்சிய நெனச்சுத்தான் சும்மா இருக்கேன்.”

விசிட் என்றால், எங்கள் கிடங்கைப் போலப் பல கிடங்குகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி எங்களை வாங்க வருகிறது என்று அர்த்தம். பலகை அவர்களுக்குப் பிடித்துவிட்டால், எல்லாக் கிடங்குகளின் கண்காணிப்பும் என் கைக்கு வரும் என்று பேச்சு. இதை ஆசை என்று எழுதாதீர்கள். தகுதி என்று எழுதுங்கள்.

விசிட் அன்று காலையில் மூன்றாம் அறையில் பெட்டிகள் கோணலாக இருக்கின்றன, போய் நேராக்கு என்று அவனை அனுப்பியது நான்தான். கைப்பிடி விஷயம் தெரியுமாதலால், கதவுக்கு ஒரு பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு நிமிட வேலைதானே என்று குளிர் கோட்டை வெளியே ஆணியில் மாட்டியிருந்தான்.

விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நான் முன்னால் வந்தேன். நடைபாதை முனையில் திரும்பினால் மூன்றாம் அறைக் கதவு பப்பரப்பா என்று திறந்து கிடக்கிறது, புகை மாதிரிக் குளிர் வழிகிறது, நடுவில் ஓர் அழுக்குப் பெட்டி. பார்க்க அசிங்கமாக இருந்தது. அவர்கள் திரும்புவதற்குள் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவன் உள்ளே இருப்பான் என்று தோன்றவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். தோன்றியது. கோட்டு என் தோளில் உரசியது. அவர்கள் தாண்டிப் போகிறவரை இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பலகைக்கு முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் கட்டம் ஒரு தடவை சிவந்து, உடனே பச்சையானது. உள்மணி என்று கட்டத்திலேயே எழுத்து வந்துபோனது. குழுவில் ஒரு கண்ணாடிக்காரருக்குக் கண் கூர்மை.

“மூணாம் நம்பர் இப்ப செவந்துச்சே?”

“செவந்த வேகத்துல பச்சையாயிடுச்சு, பாத்தீங்களா சார். எங்க ஆளு உடனே கவனிச்சுட்டாரு.”

“யாரு அது, இவ்வளவு சுறுசுறுப்பா?”

“எங்க மெக்கானிக் சார். என் சொந்த மச்சினன்தான்.”

“கொடுத்து வெச்சவர் நீங்க” என்றார். மேனேஜர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

மறுபடி சிவந்தது. மறுபடி பச்சையானது. விருந்தாளிகளுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும், “அதோ, மச்சினர் பாத்துட்டாரு” என்றார்கள்.

நான் போய்க் கதவைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன், மேடம். நான் யோசிக்காமல் எதையும் செய்கிற ஆள் இல்லை. திறந்தால் வெளியே வருவான். வந்தால் சும்மா வரமாட்டான், பேசிக்கொண்டே வருவான். அவன் வாய் அப்படி. அதுவும் முதலாளி அங்கேயே நிற்கிறார். சாப்பாடு முடித்து அவர்களை அனுப்பிவிட்டு வந்து திறந்தால், நாலு திட்டோடு போய்விடும் என்று கணக்குப் போட்டேன். சாப்பாட்டுக்கு வெளியே கூட்டிப்போனோம். மேனேஜர் எல்லோருக்கும் இரண்டாவது ஐஸ்கிரீம் சொன்னார். நானும் சாப்பிட்டேன். அவர்கள் எழுந்திருக்கும் முன் நான் எழுந்தால் மரியாதையாக இருக்காது.

அவனைக் கண்டுபிடித்தது பெட்டி தூக்குகிறவர்கள். கதவுக்கு எதிரே, விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான் என்றார்கள். சுவரில் கோடாலி மாட்டியிருந்தது. ஆபத்துக்குக் கதவை உடைப்பதற்காக வைத்தது. அதை அவன் தொடவே இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என் மேல் எவ்வளவு தப்பு இருந்தாலும், கோடாலி அவனுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. விளக்கு எரிகிறது, ஆள் வருகிறது என்று நம்பி உட்கார்ந்துவிட்டான். அவன் கையால் எழுதி ஒட்டினதுதானே.

பிளக்இன்னை அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் சிவந்திருக்கும். அடக்கம் முடிந்து வீடு திரும்பும்போதும் அவன் பெயரில் ‘பார்த்தாச்சு’ விழுந்துகொண்டிருந்ததாம். செத்தவன் எப்படி அலாரம் பார்க்கிறான் என்று நீங்கள் கேட்டதில்தான் நான் மாட்டினேன். கெட்டிக்காரர் நீங்கள். மேனேஜருக்கு அது தோன்றவே இல்லை. இந்த மாதச் சிறந்த ஊழியர் என்று அவனுக்குப் பரிந்துரை எழுதியிருந்தார்.

ஆக, கதவைச் சாத்தியது நான். உள்ளே ஆள் இருப்பது தெரிந்து சாத்தினேன். மணி அடிப்பது தெரிந்து சாப்பிடப் போனேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி இன்று உங்களைப் பார்க்க வருவாள். தம்பி கஷ்டப்பட்டானா என்று என்னிடம் கேட்டாள். “இல்லம்மா, ஒரே ஒரு தடவைதான் அழுத்தியிருக்கான், அப்படியே தூங்கிட்டான்” என்று சொல்லியிருக்கிறேன். நாங்கள் சாப்பிடக் கிளம்பும்போதும் அந்தக் கட்டம் சிவந்துகொண்டுதான் இருந்தது. அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் மனசு தாங்காது. ஒரு பொம்பளையை அப்படி அழவைத்துப் பார்க்கிற அளவுக்கு நான் ஈரமில்லாதவன் இல்லை, மேடம்.