வெயில் சத்து மாத்திரை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் கலைந்தது.

"நாளெல்லாம் பருத்திக் காட்டுல கெடக்குறேன். எனக்குப் போயி வெயில் சத்து இல்லன்னு டாக்டரம்மா சொல்லுதுக்கா."

பக்கத்திலிருந்த மூத்தவர் சிரித்தார். "எப்புடிடி இருக்கும்? புடவைக்கு மேல வூட்டுக்காரரோட முழுக்கை சட்டை, தலையச் சுத்தி துண்டு. ஒம்மேல வெயில் எங்க படுது?"

"அந்தம்மாவும் அதையேதான் சொன்னுச்சு. வாரத்துக்கு ஒரு வைட்டமின் டி மாத்திரை எழுதிக் குடுத்துச்சு. இப்ப கால் வலி கொறஞ்சிருக்குக்கா. அதவிட, நெஞ்சு படபடப்பு நின்னுபோச்சு. போன் அடிச்சாலே கை நடுங்குமே, அது இல்ல. நல்லாத் தூங்குறேன்."

மூத்தவர் சற்று யோசித்தார். "ஒம் மவன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறத வுட்டுட்டு வூட்டுக்கு வந்தது எப்ப?"

"மாத்திரை ஆரம்பிச்ச அதே வாரந்தான். இப்ப நம்மூரு அரும்பாவூர்லயே டிராக்டர் ஓட்டுறான்."

"அப்ப படபடப்பு நின்னது மாத்திரையாலயா, மவனாலயா?"

லாரி ஒன்று பஸ்ஸை உரசுவதுபோல் முந்திப் போனது. அது கிளப்பிய புழுதியைச் சன்னலோரப் பெண் முந்தானையால் முகத்திலிருந்து துடைத்தார். பிறகு திடமாகச் சொன்னார்:

"எதுன்னு தெரிஞ்சுக்கணும்னா மாத்திரைய வேணா நிறுத்திப் பாக்குறேன்க்கா. அவனத் திரும்ப லாரியில ஏத்திப் பாக்க மாட்டேன்."