தேவைப்பட்டா குடுக்கற மாத்திர

ஆறு பேரு தம்பி. அன்னிக்கி எங்க ஊட்ல மொத்தம் ஆறு பேரு இருந்தோம். நானு, என் சம்சாரம் சுகிர்தா, புள்ள பீட்டரு, மருமக ஏஞ்சலின், பக்கத்தூட்டு முத்தம்மா, ஜெபம் பண்ண வந்த பாஸ்டரு. ஆறு. ஒருத்தர் கொறச்சலும் இல்ல, கூடவும் இல்ல. ஆறு பேர் காதுலயும் அந்த சத்தம் உழுந்துச்சி.

இன்னா சத்தமா? சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க சட்டப் பையில ஒரு மாத்திர அட்ட வெச்சிருக்கீங்களே, அத பாத்துட்டுத்தான் நானே வாயத் தொறந்தேன். இல்லன்னா நான் தெரியாதவங்களாண்ட பேசற ஆளு இல்ல. இந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல அஞ்சு வாட்டி உக்காந்திருக்கேன், பக்கத்துல இருந்தவங்க பேரு கூட கேட்டதில்ல. அது வாந்தி மாத்திரதான? எஸ்.ஓ.எஸ்.னு போட்டிருக்குதா சீட்ல? ஆங். எங்களுக்கும் அப்புடித்தான் போட்டாங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மூணு நாளைக்கி, அது தனி. அத நான் மணி தவறாம குடுத்தேன். இது அதுக்கு மேல. இன்னா சிஸ்டர் இதுன்னு கேட்டேன். தேவைப்பட்டா குடுக்கறதுன்னாங்க.

அந்த தேவைப்பட்டாங்கற வார்த்தையிலதான் தம்பி நான் தப்பு பண்ணேன்.

நீங்க காக்களூர்னு சொன்னீங்க இல்ல? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேலையா? அப்ப உங்களுக்கு ஸ்டோர்ஸ்னா இன்னான்னு தெரியும். நான் கும்முடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்ஸ்ல இருந்தேன். படிச்சது எட்டாவது. போல்ட்டு, நட்டு, பேரிங்கி, வாஷரு, எல்லாம் என் கையாலதான் வெளிய போவணும். சிலிப்பு இல்லாம ஒரு வாஷர் போவாது. சூப்பர்வைசரே வந்து நின்னாலும், சிலிப்பு குடு சார்னுதான் சொல்வேன். பின்னாடி என்ன கருமின்னு திட்டுவாங்க, காதுல உழும். ஆனா வருசக் கடைசியில எண்ணும்போது என் ரேக்குல ஒண்ணு கூடினது இல்ல, ஒண்ணு கொறஞ்சது இல்ல. கேட்டா குடு, கேக்காதத எடுத்து நீட்டாத. அதான் என் பழக்கம்.

மாத்திரையையும் அப்புடித்தான் வெச்சிருந்தேன். ஒரு நோட்டு போட்டேன். தேதி, மணி, வாந்தி, மாத்திர, மீதி. அஞ்சு கோடு. சுகிர்தா ஒரு வாட்டி வாந்தி எடுத்தான்னா ஒண்ணு எழுதுவேன், ஒரு மாத்திர குடுப்பேன். எடுக்கலன்னா குடுக்க மாட்டேன். வாந்தியே வராம எதுக்கு மாத்திரன்னு என் புத்தி.

மொத கீமோ ஊசிக்கி ஆறு வாட்டி. எழுதனேன்.

ரெண்டாவது ஊசிக்கி வந்தப்போ டாக்டரு, எத்தன வாட்டிம்மா வாந்தின்னு அவளக் கேட்டாரு. அவ என்னப் பாத்தா. நான் நோட்ட நீட்டனேன். உள்ள இருக்குது பாருங்க, ஹேமாவதின்னு, கண்ணாடி போட்ட சிஸ்டரு, அது அந்த நோட்ட வாங்கி இந்த வராண்டாவுல இருந்த அத்தினி பேருக்கும் காட்டிச்சி. பெரியவரப் பாருங்க, எவ்ளோ சுத்தமா எழுதி வெச்சிருக்காரு, எல்லாரும் கத்துக்கோங்கன்னு. எனக்கு காது ரெண்டும் சூடாயிடுச்சி தம்பி. எங்கப் பாக்கறதுன்னே தெரியல, தரையையே பாத்துக்கினு இருந்தேன்.

திரும்பிப் போவும்போது ரயில்ல சுகிர்தா சிரிக்கறா. முப்பத்தோரு வருஷம் கம்பெனிக்கி ஒழச்ச, ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னானா? எனக்கு கேன்சர் வந்து உனக்கு பேரு வாங்கிக் குடுத்துட்டேன் பாருன்றா. சும்மா கெட, ஜனங்க பாக்குதுன்னேன். ஆனா சிரிச்சிட்டேன். அவ என் மூஞ்சியையே பாத்துக்கினு வந்தா, எங்க ஊரு ஆரம்பாக்கம் வர்ற வரைக்கும்.

அந்த வாட்டி வாந்தி மூணு. அதுக்கடுத்த வாட்டி ஒண்ணு.

ஆமா, எனக்கும் சந்தோசம்தான். டாக்டருக்கும் சந்தோசம். ஆறு, மூணு, ஒண்ணு, உடம்பு மருந்த ஏத்துக்கிச்சி, இதே மாத்திர போதும்னுட்டாரு. நோட்டப் பாத்துதான சொல்வாரு, பாவம்.

ஆனா அவ எளச்சிக்கினே போனா. வளையல முழங்கை வரைக்கும் ஏத்தி உட்டுக்கினா. நான் வேற ஒண்ணத்தான் எண்ணிக்கினு இருந்தேன். இன்னாத்தயா? தண்ணிய. எங்க மேல் டேங்கு ஐநூறு லிட்டரு. ரெண்டே பேரு, ரெண்டு நாளைக்கி ஒருக்கா மோட்டர் போட்டா போதும். ஊசி போட்ட வாரத்துல மட்டும் தெனம் காலியாவுது. எங்கயோ ஒழுவுதுன்னு நெனச்சேன். ஏணி போட்டு ஏறி டேங்கத் தட்டிப் பாத்தேன். பாத்ரூம் கொழாயில வாஷர் மாத்தனேன், என் கையால. அப்பவும் காலி. ஒரு நாள் அவளையே கத்திட்டேன். ஏண்டி, கொழாவ தொறந்து உட்டுக்கினு உள்ள இன்னா பண்றன்னு.

அவ மறுநாள்லர்ந்து கொழாவ மெல்லிசா தொறந்தா. எனக்கு சத்தம் கேட்டுச்சி, மெல்லிசா. அப்பாடா, சொன்னா கேக்கறான்னு நெனச்சேன் தம்பி. அப்புடி நெனச்சேன் நானு.

ம். இப்ப புரிஞ்சிடுச்சி உங்களுக்கு. எனக்கு அந்த சனிக்கிழமதான் புரிஞ்சிது.

நாலாவது ஊசி செவ்வாக்கிழம. சனிக்கிழம பீட்டருக்கு லீவு, அவனும் மருமகளும் வந்திருந்தாங்க. பாஸ்டரு பத்தரைக்கி வந்தாரு. முத்தம்மா கோயிலுக்குப் போறவ, ஆனா சுகிர்தாவுக்கு ஜெபம்னா மொத ஆளா வந்து உக்காந்துப்பா. காலையில ஒம்பதுக்கே கரண்ட்ட நிறுத்திட்டாங்க, எதோ லைன் வேலைன்னு. மோட்டர் ஓடல. டேங்குல சொட்டு தண்ணி இல்ல. அது எனக்குத் தெரியும், கொடத்துல புடிச்சி சமையக்கட்ல வெச்சிருந்தேன். அவளுக்குச் சொல்லல. எதுக்குச் சொல்லணும்னு உட்டுட்டேன்.

பாஸ்டரு நாஷ்டா சாப்புடாம வந்துட்டாருன்னு மருமக உப்புமாவுக்கு தாளிச்சா. கடுகு பொரிஞ்சி, கறிவேப்பில வாசன நடுக்கூடத்துக்கு வந்துச்சி. எல்லாரும் கண்ண மூடிக்கினு இருக்கோம். நான் அரக்கண்ணால பாக்கறேன், சுகிர்தா எழுந்தா. யாருக்கோ சொம்பு எடுக்கப் போறவ மாதிரி மெதுவாப் போனா. பாத்ரூம் கதவச் சாத்துனா. கொழாவத் திருப்புனா. கிரீச்சின்னுச்சி. தண்ணி வரல.

அதுக்கப்புறம் அந்த சத்தம்.

வயித்துல ஒண்ணுமே இல்லாதவ எடுக்கற வாந்தி எப்புடி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? தெரிய வேணாம். பாஸ்டரு கண்ணத் தொறக்காமயே ஜெபத்த நிறுத்திட்டாரு. பீட்டரு எழுந்து நின்னுட்டான். ஏஞ்சலின் கரண்டியோட அப்புடியே நிக்கறா. முத்தம்மாதான் பேசனா. ஏன் எல்லாம் பேயப் பாத்த மாதிரி பாக்கறீங்க, தெனம் நடக்கறதுதான, உங்க பாத்ரூம் ஜன்னலு எங்க அடுப்பாண்டதான இருக்குதுன்னா.

தெனம் எத்தன வாட்டின்னு கேட்டேன். அந்த நேரத்துல நான் கேட்டது அதுதான் தம்பி. எத்தன வாட்டி.

ஏன்யா, எண்றது உன் வேல, நான் எங்க எண்ணேன், ஒலையில அரிசி போட்டா ஒண்ணு, வடிச்சா ஒண்ணு, உங்க ஆளு எடுத்துக்கினேதான் இருக்குதுன்னா. உனக்குத் தெரியும்னு இல்ல நான் நெனச்சேன்னா.

உள்ள போனேன். காலி பக்கெட்ட புடிச்சிக்கினு கீழ உக்காந்திருக்கா. என்னப் பாத்து மொதல்ல கேட்டது, தண்ணிக்கி இன்னா ஆச்சி பீட்ரப்பா?

ஏண்டி என்னாண்ட சொல்லலன்னேன். வாயத் தொடச்சிக்கினா. அப்புறம் சொல்றா, அந்த சிஸ்டரு இந்த வாட்டியும் உன் நோட்ட எல்லார்க்கும் காட்டும் இல்ல, கணக்கு ஏறிப்போச்சின்னா உனக்கு நல்லா இருக்காதுன்னு பாத்தேன்னா.

இருங்க தம்பி. தண்ணி குடிச்சிக்கறேன்.

அன்னிக்கி ஒரு மாத்திர குடுத்தேன். அதுவும் கா மணி நேரத்துல வெளிய வந்துடுச்சி. திங்கக்கிழம காலையில மொத ரயில புடிச்சி நான் மட்டும் வந்து ஹேமாவதி சிஸ்டராண்ட நின்னேன். அது என்ன திட்டல. திட்டியிருக்கலாம். உக்கார வெச்சி சொல்லிச்சி. பெரியவரே, வாந்தி வந்தப்புறம் இல்ல, கொமட்டும்போதே குடுக்கணும், வாந்தி முத்திப்போச்சின்னா மாத்திர உள்ளயே நிக்காது. சாப்பாட்டுக்கு அர மணி முன்னாடி குடுங்க. நீங்க எண்ணாதீங்க, அவங்க மூஞ்சப் பாருங்க, வாயத் தொறந்து கேளுங்கன்னுச்சி. டாக்டராண்ட சொல்லி மாத்திரையையே மாத்திக் குடுத்துச்சி. கேட்டவொடனே மாத்திட்டாங்க தம்பி. அவ்ளோதான் வேல. மூணு மாசமா கேக்காம இருந்தது நான்தான்.

அஞ்சாவது ஊசிக்கி அப்புடியே பண்ணேன். நோட்ட எடுக்கல. தாளிக்கல. சோறு சூடு ஆறனப்புறம் குடுத்தேன், சூட்டுல வாசன தூக்கும் பாருங்க. ஸ்பூனு இரும்பு வாசன அடிக்குதுன்னா, பிளாஸ்டிக் ஸ்பூனு வாங்கியாந்தேன். ஒரேடியா தட்டு நெறய வெக்காம கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா வெச்சேன். கொமட்டுதான்னு கேட்டுக்கினே இருந்தேன், அவளே, ஐய, பேஜாரு புடிச்ச மனுசா, உன் கேள்வியிலதான் கொமட்டுதுன்னு சொல்ற வரைக்கும். ஒம்பதாம் நாளு நெத்திலி கருவாடு வேணும்னா. கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து வெச்சி கொல்லையில அடுப்பு போட்டு வறுத்துக் குடுத்தேன். கஞ்சியோட சாப்ட்டா. விரல நக்கனா. டேங்கு ரெண்டு நாள் வந்துச்சி.

அதனாலதான் சொல்றேன், அந்த அட்டைய பையில வெச்சிக்கினு உக்காந்திருக்காதீங்க. பன்னெண்டுக்கு உள்ள சாப்பாடு குடுப்பாங்க, இப்ப மணி பதினொண்ணேகால். எழுந்து போயி சிஸ்டராண்ட கேளுங்க, இத எப்ப குடுக்கணும்னு. உங்க ஊட்டுக்காரம்மா கேக்கட்டும்னு நிக்காதீங்க. சில பேரு கேக்கவே மாட்டாங்க.

எங்க ஆளா? எந்த பெட்டுன்னா கேக்கறீங்க? அஞ்சு வாட்டியும் ஜன்னலாண்ட நாலாம் நம்பரு. இன்னிக்கி அதுல வேற யாரோ இருக்காங்க.

போன வியாழக்கிழம காலையில போய்ட்டா தம்பி. மூணு நாளு ஜொரம். கேன்சரு ஈரல் வரைக்கும் ஏறிப்போயிருந்துச்சி, நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலன்னாரு டாக்டரு. இருக்கும். சாவுக்கு நான் காரணம் இல்லன்னு அவரு சொன்னத நம்பறேன். நாலு ஊசிக்கும் அவ பட்ட வாந்திக்கி யாராண்ட போய் கேக்கறது?

இல்ல இல்ல, நீங்க உக்காராதீங்க, போங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆறாவது ஊசி தேதி அட்டையில இன்னிக்கித்தான் போட்டிருந்துச்சி, அதான் வந்தேன். பீட்டராண்ட ரேஷன் கடைக்கின்னு சொல்லிட்டு வந்தேன். ஸ்டோர்ஸ்ல வேல முடிஞ்சா மீதிய திருப்பிக் குடுக்கணும், அந்தப் பழக்கத்துல மீதி மாத்திரைய எடுத்தாந்தேன். இதெல்லாம் வாங்க மாட்டோம் பெரியவரேன்னுடிச்சி சிஸ்டரு. உங்களுக்கும் இது ஆவாது, உங்க டாக்டரு எழுதனத மட்டும் குடுங்க.

அதோ பாருங்க, உங்க ஊட்டுக்காரம்மா கதவாண்ட பாத்துக்கினு இருக்காங்க. போங்க.

நானா? மூட்டைய கட்டிக்கினு கெளம்ப வேண்டியதுதான். புது மாத்திர பத்தும் குடுத்தாச்சி, அதுல மீதி இல்ல. பழசு நாலு அட்ட, நாப்பது. ஆறு, மூணு, ஒண்ணு, அந்த சனிக்கிழம ஒண்ணு, குடுத்தது பதினொண்ணு. மீதி இருபத்தொம்பது.