சீல் குத்தாத அட்டை

— அஞ்சரைக்கு எழுந்தேன். மூணு ஜன்னலையும் திறந்தேன். குழாயில தண்ணி பிடிச்சேன். பாயைச் சுருட்டினேன். டீ போட்டேன். நேத்து துவைச்ச சட்டையை எடுத்து...

— மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டேன்.

— அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன் மச்சான். சட்டையை மடிச்சேன். சாப்பிடல.

— வாக்குமூலம் குடுக்கற மாதிரியே சொல்றீங்க. இந்தக் குளிர்ல ஜன்னலை எதுக்குத் தொறந்து போட்டிருக்கீங்க?

— அவளுக்கு மூச்சு...

— ம்.

— பழக்கமாயிடுச்சு. மூடிடறேன்.

— இருக்கட்டும். உக்காருங்க. இந்தப் பையை எங்க வைக்கட்டும்?

— என்ன அது?

— நம்ம பாப்பா எழுதின புத்தகத்துக்கு வந்த கருத்து அட்டைங்க. இருநூத்திப் பதினொண்ணு. மறுபதிப்பு நாளைக்கு மெஷின் ஏறுது. கடைசி பாரம், பதினாறு பக்கம், முழுக்க வாசகர் கருத்துதான். உங்க கண்ணு ஒரு தடவை பட்டுடணும்.

— பிரஸ்ல இன்னொரு புரூஃப் ரீடர் இருக்காரே.

— இருக்கான். அவன்கிட்ட குடுத்தேன். வாசகர் திட்டினதையெல்லாம் நல்ல வார்த்தையா திருத்தி வச்சிருக்கான். முதலாளியோட தங்கச்சி இறந்துபோன வீட்டுக்கு அவன் செய்யற மரியாதையாம்.

— நல்ல மனுஷன்.

— நல்ல மனுஷனை வச்சு பிரஸ் நடத்த முடியுமா? படிங்க. மேல இருக்கறதைப் படிங்க.

— "நாற்பதாம் பக்கத்தில் வரும் சுமைகூலிக்காரர் என் அப்பா. அவர் குடித்ததை எழுதியிருக்கிறீர்கள். எங்களை அடித்ததை விட்டுவிட்டீர்கள்."

— அடுத்தது.

— "மேட்டுப் பகுதி என்று அட்டையில் பார்த்து, சுற்றுலாப் புத்தகம் என்று வாங்கினேன். தங்கும் விடுதி விவரம் எதுவும் இல்லை. ஆனாலும் முழுவதும் படித்தேன்."

— இவரு ஒருத்தரு. பாப்பா இதை எத்தனை பேர்கிட்ட படிச்சுக் காட்டினா தெரியுமா? பைண்டர்கிட்டகூட.

— தெரியும். என்கிட்ட நாலு தடவை.

— இதைக் கேளுங்க. "எங்கள் முன்னோர் பட்டதை எங்களுக்கே தெரியாமல், கீழேயிருந்து வந்த ஒரு பெண் எழுதிவிட்டார். வெட்கமாக இருக்கிறது. இரண்டு பிரதி அனுப்பவும்."

— ம்.

— சிரிப்பு வரலையா?

— வருது மச்சான். வெளிய வரல.

— ...சரி. இதையும் பாத்துடுங்க. அடியில கிடந்துது.

— இது வேண்டாம்.

— படிக்கவே இல்லையே.

— படிச்சதுதான். அவ காட்டினா. இதை விட்டுடலாம். இடம் பத்தாது.

— கடைசிப் பக்கத்துல பாதி காலியா கிடக்கு. இது அதுல அளவா உக்காரும்.

— அச்சடிக்கிற விஷயமா அது?

— நானே படிக்கறேன், நீங்க சரி பாருங்க. "காய்ச்சல் வருடத்தில் மலையடிக் கதவை அதிகாரிகள் பூட்டினார்கள் என்று எழுதியிருப்பது தவறு. மேட்டு மக்களே தங்கள் நோயாளிகளைக் கீழே தள்ளி, திரும்பி வராமல் பூட்டினார்கள். கடைசி வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். இந்த ஆசிரியர் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறார். இனி இவர் மலை ஏறி வர வேண்டாம்." பேரு கிடையாது. ஊர் கிடையாது.

— பேரு இல்லாத அட்டையை ஏன் போடணும்?

— பேரு இல்லாத அட்டை இன்னும் பதினேழு இருக்கு. எல்லாம் போகுது. திட்டறதை எடுத்துட்டா அது கருத்து இல்ல, விளம்பரம்னு சட்டம் போட்டது யாரு?

— அவதான்.

— அப்ப?

— மச்சான், இது பொய்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவளைக் கட்டில்ல போட்டு ஆறு மைல் தூக்கிட்டு வந்தது அந்த ஜனங்கதானே. மாத்தி மாத்தித் தோள் குடுத்தாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அவங்க வீட்டுப் பெரியவங்க பெத்தவங்களையே வெளிய தள்ளிப் பூட்டினாங்கன்னு அவ புத்தகத்துலயே அச்சடிக்கறதா? நாளைக்கு அவங்க பிள்ளைங்க படிக்காதா?

— படிக்கும். அதனாலதான் கேக்கறேன். பொய்னா பொய்னு சொல்ல ஒரு ஆள் வேணும். நாளைக்குக் காலையில மெஷின் ஓடும். அதுவரைக்கும்தான் டைம்.

— நான் சொல்றேன்.

— நீங்க மலைப் பக்கம் தலை வச்சுப் படுத்தவர்கூட இல்ல மாப்பிள்ளை. நீங்க சொன்னா எடுபடாது.

— அப்ப யாரு சொல்றது?

— இந்த அட்டையைத் திருப்பிப் பாருங்க.

— ஒண்ணும் இல்லையே.

— அதைத்தான் பாக்கச் சொன்னேன். இப்ப அந்த விடுதி விவரம் கேட்டவர் அட்டையைத் திருப்புங்க.

— ஊதா சீல். நம்பர்.

— கடைக்கு ஒரு நம்பர். எந்தக் கடையில வாங்கினவர் எழுதறாருன்னு நமக்குத் தெரியணுமில்ல? கட்டு பிரிச்சு, ஒவ்வொரு புத்தகத்துலயும் அட்டையை வெளிய எடுத்து, குத்தி, திரும்ப உள்ள வச்சு... சாயங்காலம் பூரா அதே வேலை. யாரு குத்துவா தெரியுமா?

— தெரியாது.

— பாப்பாதான். விரல் ஊதாவா இருக்குமே, பாத்ததில்ல?

— பாத்திருக்கேன். மைன்னு நினைச்சேன்.

— மைதான். எதுக்கான மைன்னு கேக்கல. வீட்டுல உக்காந்து பாக்கற புரூஃபோட உங்க வேலை முடிஞ்சுடும். புத்தகம் வாசகர் கைக்கு எப்படிப் போகுதுன்னு நீங்க பாத்ததே இல்ல.

— மச்சான்...

— சீல் இல்லாத அட்டை மொத்தம் நாலு. விக்கறதுக்கு முன்னாடி கட்டின நாலு காப்பி. ஒண்ணு என் மேஜையில இருக்கு, அட்டையோட. ஒண்ணு பைண்டர்கிட்ட, அதுவும் அப்படியே இருக்கு. ஒண்ணு பாப்பா பெட்டியில. நேத்துதான் திறந்து பாத்தேன். அட்டை உள்ளயே இருக்கு.

— மூணாச்சு.

— நாலாவது காப்பி உங்களுக்குக் குடுத்தது. அதை எடுத்துட்டு வரீங்களா?

— வேண்டாம். அதுல அட்டை இல்ல.

— சொல்லுங்க.

— நான்தான் எழுதினேன். இடது கையால. டவுன் தபால் நிலையத்துல போட்டேன்.

— ஏன்டா... எதுக்குடா?

— டாக்டர் மலை ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. நுரையீரல் பாதிதான் வேலை செய்யுதுன்னாரு. ரெண்டாவது புத்தகம்னா மாசா மாசம் மேல போகணும். அஞ்சு நாள், ஆறு நாள். நான் சொன்னேன், கேக்கல. கோவிச்சுப் பாத்தேன். பேசாம இருந்து பாத்தேன். "என்னைப் படிச்ச ஒருத்தராவது வேண்டாம்னு சொல்லட்டும், விட்டுடறேன்"னு விளையாட்டாத்தான் சொன்னா. எனக்கு அது பிடிச்சுக்கிச்சு.

— அதுக்கு இப்படியா? கதவு, பூட்டு, கடைசி வீடு... அந்த வீட்டை எங்கேருந்து பிடிச்ச?

— நூத்திப் பன்னெண்டாம் பக்கம். மூணு தடவை புரூஃப் பாத்தேன். மனசுல நின்னுடுச்சு. ஒரு வீட்டைக் குறிப்பா சொன்னா உண்மை மாதிரி இருக்கும்னு போட்டேன். மனசு உடைஞ்சு உக்காந்துடுவான்னு நினைச்சேன். அவ நேரா அந்த வீட்டுக்கே போவான்னு...

— தோணலையா?

— தோணல. அன்னிக்குக் காலையில பிரஸ்ஸுக்குப் போறேன்னுதான் சொன்னா. ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போனா. பிரஸ்ல ஏசி போட்டிருக்கீங்க போலன்னு நினைச்சேன்.

— நாம எங்க ஏசி போட்டோம்?

— அதான்.

— ...தண்ணி குடுங்க.

— இந்தாங்க.

— மாப்பிள்ளை, கையெழுத்துப் போடச் சொல்ல நான் வரல. உங்களை மாட்டி விடவும் வரல. இந்த அட்டை ஒரு வாரமா என் பையில கிடக்கு. வீட்டுல என் பொண்டாட்டிகிட்டகூட வாய் திறக்கல. நீங்க கேக்கறதுக்கு முன்னாடி என் பங்கையும் சொல்லிடறேன்.

— உங்களுக்கு என்ன பங்கு?

— அட்டையை எடுத்துட்டு வந்து என் மேஜையில போட்டா. திருப்பினேன். சீல் இல்லைன்னு அப்பவே பாத்துட்டேன். பைண்டர் விளையாட்டுன்னு நினைச்சேன். நினைச்சும் விடல. பதிப்பகம் பொய்யை அச்சடிச்சதா பேர் வந்துடுமேன்னு பயம். மறுபதிப்புக்கு முன்னாடி நேர்ல ஒரு நடை கேட்டுட்டு வந்துடுன்னு நான்தான் சொன்னேன். சொல்லும்போது இருமிட்டிருந்தா. ரெண்டு நாள் கழிச்சுப் போகட்டுமா அண்ணான்னு கேட்டா. மெஷின் காத்திருக்காதுன்னேன்.

— மறுபதிப்பு நாளைக்குத்தானே மச்சான்?

— அவ போய் ரெண்டு மாசம் ஆச்சு. மெஷின் காத்திருந்துது.

— டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியாதே மச்சான்.

— இருமல் தெரியும். அதுக்கு டாக்டர் வேணுமா? சரி, விடுங்க. இதை எடுத்துடறேன். கிழிச்சுடறேன். ரெண்டு பேரைத் தவிர யாருக்கும்...

— கிழிக்காதீங்க. போடுங்க.

— பைத்தியமா?

— கீழ என் பேரைப் போடுங்க. ஆசிரியரோட கணவன், பொய்னு தெரிஞ்சே எழுதினதுன்னு. அவ சட்டம் அது. புத்தகம் எழுதினவளுக்கு வேண்டியவன்னா எடுத்துடணும்னு அதுல இல்ல.

— ஊரே காறித் துப்பும்.

— துப்பட்டும்.

— உங்க அம்மா கண்ணுல படும். மேட்டு ஜனங்க படிப்பாங்க.

— அவங்கதான் முதல்ல படிக்கணும். தூக்கிட்டு வந்தவங்களுக்கு, அவ எதுக்கு அங்க வந்தான்னு தெரிய வேண்டாமா?

— ...ஒரு விஷயம் இன்னும் பாக்கி இருக்கு. இதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு மாசமா உங்க வாசல் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போயிட்டிருந்தேன். அன்னிக்கு மேல இருந்து எனக்கு போன் பண்ணினா.

— எப்போ?

— மூணு மணி இருக்கும். கடைசி வீட்டு வாசல்ல நிக்கறேன்னா. சந்தோஷமாத்தான் பேசினா. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினா.

— எனக்கு ஏன் பண்ணல?

— பிரஸ்ல இருக்கேன்னு சொல்லிட்டு வந்தவ எப்படிப் பண்ணுவா? அந்த வீட்டுப் பெரியவர் அட்டையைக் கேட்டுச் சிரிச்சாராம். கதவுக்குப் பூட்டே கிடையாதாம். ஒரு கயிறுதானாம். அதிகாரி கட்டிட்டுப் போனது. அந்தப் பக்கம் நோயாளிங்க, இந்தப் பக்கம் சொந்தக்காரங்க, பதினெட்டு நாள் நின்னாங்களாம். சின்னப் பிள்ளைகூட அவுத்திருக்கலாம். யாரும் கை வைக்கலையாம். ரெண்டாவது புத்தகம் இதுலதான் ஆரம்பிக்கணும், எழுதி வச்சுக்கோ அண்ணான்னா.

— எழுதி வச்சீங்களா?

— வச்சிருக்கேன். சீல் விஷயத்தை நான் எடுக்கறதுக்குள்ள அவளே எடுத்தா. கையில வாங்கின அன்னிக்கே அது வீட்டு அட்டைன்னு தெரியுமாம்.

— அப்ப நான்தான்னு...

— தெரியும்.

— தெரிஞ்சா போனா?

— தெரிஞ்சுதான். யாரு எழுதினாலும் நேர்ல கேட்டுப் பாத்துடணுமாம். கயிறு கிடைச்சதுல அவளுக்கு எல்லாம் மறந்து போச்சு. அதுக்கப்புறம் வழியில விழுந்துட்டா. தூக்கிட்டு வந்தவங்ககிட்டகூட ஒரு வார்த்தை பேசலையாம். கேட்டுட்டேன். என்கிட்ட பேசினதுதான் கடைசி.

— என்னைப் பத்தி என்ன சொன்னா மச்சான்? கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அப்படியே சொல்லுங்க.

— "நீ அவர்கிட்ட ஒண்ணும் கேக்காத அண்ணா, நானே வந்து பேசிக்கறேன். எழுதினது தப்புன்னு திட்ட வந்தவர், மலை ஏறாதேன்னு முடிச்சிருக்காரு பாரு."