ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு பெயர்ப்பலகை

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் டார்லீன் மக்ஃபீ அவர்களே, கல்வி வாரியத்தின் கண்காணிப்பாளர் கார்ல் வின்டர்ஹால்ட் அவர்களே, கூடைப்பந்து ஆட வேண்டிய இந்தக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு, தேம்பலை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் ரெட்ஸ்டோன் ஊராரே, எங்கள் ஐலாவின் பிள்ளைகளே! கனத்த மனத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்.

நான் ரெமி பூத்ரோ. கார் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். இந்தப் பள்ளியின் அடித்தளத்தில் என் பட்டறைக்கு எதிர் அறைதான் ஐலா ரந்தனன் அம்மையாரின் வகுப்பு. ஓவியமும் டிஜிட்டல் ஊடகமும் அங்கேதான் நடந்தன. மார்ச் விடுமுறையில் அவர் இதயம் நின்றுபோனது. விடுமுறை முடிந்து வந்தோம், அவர் வரவில்லை.

ஜன்னலே இல்லாத அறையில் நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியும் என்று காட்டினார் ஐலா! ஒரு பக்கம் கொதிகலன் உறுமும். மறுபக்கம் என் பட்டறையில் சுத்தியல் விழும். வெயில் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமானால், அத்தனை பேரையும் மேலே ஓட்டிக்கொண்டு போய், கடுங்குளிரில் கார் நிறுத்துமிடத்தில் நிற்கவைப்பார். "பனி வெள்ளைன்னு எவன்டா சொன்னான்? நல்லாப் பாரு!" என்பார். பார்த்தால் அது நீலமாக இருக்கும், ஊதாவாக இருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், ஒருநாள் அவர்களோடு போய் நின்ற அன்றைக்குத்தான் பனியைப் பார்த்தேன்.

கணினிகளோ! வாரியம் பூட்டுப் போட்டுக் கொடுத்த கணினிகள். உலகத்து ஓவியங்களைக் காட்டலாம் என்று ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தின் தளத்தைத் திறந்தால், 'ஆபாசம், அனுமதி இல்லை' என்று சிவப்புத் திரை வந்து நிற்கும். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் வரைந்த ஒரு பெண்ணின் தோளைப் பார்த்து வாரியத்து இயந்திரத்துக்கு வெட்கம்! (சிரிப்பு) திறந்துவிடச் சொல்லி எழுதினால், பதில் வருவதற்குள் பாடம் முடிந்துவிடும். அதனால் அம்மையார் அந்த ஓவியங்களைச் சுண்ணக்கட்டியால் பலகையில் வரைந்தே காட்டினார். மணி அடித்ததும் அழித்தும் விடுவார். அந்தக் கை இனி நமக்கு வாய்க்குமா?

நண்பர்களே, இப்படியே பேசிக்கொண்டு போனால் அழகான இரங்கல் உரை ஆகிவிடும். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும், ஐலாவுக்கு இந்தப் பள்ளியை விட்டுப் போக மனமில்லை என்றார்கள். இல்லை! அவருக்குப் போக மனம் இருந்தது. வழிதான் இல்லை.

டொரொன்டோவில் ஒரு பள்ளி அவரை நேர்காணலுக்கு அழைத்தது. அவருடைய தங்கை இருக்கும் ஊர். மதியம் பேருந்து. அன்று காலையில் ஜோலீன், அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாளே, அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, ஒரு காரியம் செய்தாள். கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய அசையும் படத்தைக் கணினியில் மாதக்கணக்கில் அடுக்கடுக்காக வரைந்து வைத்திருந்தாள். வானம் ஓர் அடுக்கு, காகித ஆலை ஓர் அடுக்கு, அப்பாவின் முகம் ஓர் அடுக்கு. கோப்பு கனக்கிறதே என்று எல்லா அடுக்குகளையும் ஒன்றாகச் சேர்த்து, பழைய பெயரிலேயே சேமித்து, மூடியும் விட்டாள். போயிற்று! இனி அப்பாவின் முகத்தை நகர்த்தினால் வானமும் கூடவே நகரும். மறுநாள் அனுப்பியாக வேண்டும்.

"மிஸ், நான் செத்தேன்" என்று அழுதாள் ஜோலீன்.

"சாகறத அப்புறம் பாத்துக்கலாம். நாற்காலிய இழுத்துப் போடு" என்றார் ஐலா.

இருவரும் உட்கார்ந்து, ஒட்டிப்போன படத்திலிருந்து முகத்தை, புகைபோக்கியை, புகையைத் தனித்தனியாக வெட்டி எடுத்தார்கள். பேருந்து போய்விட்டது. ஜோலீன் இன்று அசையும் படங்கள் செய்து பிழைக்கிறாள்.

அன்று மாலை நான் அவரைச் சீண்டினேன். "என்ன ஐலா, போகலையா? பெரிய தியாகிதான் போ!"

அவர் சிரிக்கவில்லை. "தியாகமாவது மண்ணாவது. நான் நல்லவ இல்ல ரெமி, மாட்டிக்கிட்டவ" என்றார்.

அந்த ஒரு நாளோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு அவர் கிளம்பப் பார்த்தபோதெல்லாம் இந்தப் பள்ளி சொன்ன பதில் ஒன்றுதான்: "நீங்க போனா வகுப்பும் போயிடும் ஐலா. வேற ஆள் போடமாட்டாங்க." டார்லீன் அவர்களே, உங்களுக்கு முன் இருந்தவரும் சொன்னார், நீங்களும் சொன்னீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். பிள்ளைகளைக் காட்டி ஒரு மனுஷியைக் கட்டிப்போட்டோம். அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயரும் வைத்தோம்!

இப்போது இந்தப் பித்தளைப் பலகைக்கு வருகிறேன். சற்று முன் கண்காணிப்பாளர் இதைத் திறந்து வைத்தார், நாமும் கைதட்டினோம். அந்த அறைக்கு இனி ஐலா ரந்தனனின் பெயர். நல்லது. ஆனால் செப்டம்பரில் அந்த அறையில் வகுப்பு இல்லை! பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பாதிக் கிணறு தாண்டி நிற்கிறார்கள். அடுத்த வருடப் பாடம் இல்லாமல், எந்த ஓவியக் கல்லூரி வாசலில் போய் எதைக் காட்டுவார்கள்?

ஐலாவின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செய்ததைச் சுவரில் மாட்டுவார்கள். செய்தவர் வாயே திறக்கக் கூடாது. மற்றவர்கள் முதலில் நல்லது கெட்டது பேசாமல், கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும். இந்தப் பலகையை அப்படிப் பார்ப்போமா? கண்காணிப்பாளர் அவர்களே, இது உங்கள் படைப்பு. மன்னிக்க வேண்டும், உட்காருங்கள். விதி என்றால் விதிதான். (சிரிப்பு) பிள்ளைகளே, என்ன தெரிகிறது?

(மாணவர் வரிசையிலிருந்து குரல்கள்: "பித்தளை சார்." "மிஸ் பேரு." "எழுத்து நடுவுல இல்ல சார், இடது பக்கமா இழுக்குது.")

ஐலா பார்த்திருந்தால் கழற்றச் சொல்லியிருப்பார். உனக்கு, மேடி?

("ரெண்டு வருஷம் போட்டிருக்கு சார். ஆரம்பிச்ச வருஷம், முடிஞ்ச வருஷம். மிஸ்ஸுக்குப் போட்டதா, எங்க வகுப்புக்குப் போட்டதான்னு தெரியல.")

கேட்டீர்களா? கேட்டீர்களா, பெரியோரே?

இந்தக் கூட்டத்துக்கு முன் கண்காணிப்பாளர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ஆள் கிடைக்கல ரெமி. உங்களுக்குத்தான் ஓவியம் நடத்தவும் தகுதி இருக்கே. நீங்க எடுத்துக்கிட்டா வகுப்பு இருக்கும். இல்லைன்னா..." என்றார். அந்த 'இல்லைன்னா'வை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஜூனில் நான் ஓய்வு பெறுகிறவன். நோவா ஸ்கோஷியாவில் கடலோரம் வீடு பார்த்து, பாத்திரங்களைக்கூடப் பெட்டியில் அடுக்கிவிட்டாள் என் மனைவி. அதோ, கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிளோடெத், என்னை மன்னித்துவிடு.

பிள்ளைகளே, செப்டம்பரில் வகுப்பு உண்டு. நான் எடுக்கிறேன்.

கைதட்டாதீர்கள்! தயவுசெய்து கைதட்டாதீர்கள். இதை நான் சந்தோஷமாகச் செய்யவில்லை. இது பொறி என்று தெரியும். தெரிந்தேதான் காலை வைக்கிறேன். ஏனென்றால் நான் வெளியே போக வேண்டுமானால் இந்தப் பிள்ளைகளை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

வாரியத்துக்கு இந்த அவையின் முன் சொல்கிறேன். ஒரு வருடம். ஒரே ஒரு வருடம்! அதற்குள் முறையாக ஓர் ஆசிரியரைக் கொண்டுவாருங்கள். அதுவரை ஐலா ரந்தனன் அம்மையாரின் பணியை நான் சுமப்பேன். இது என் உறுதிமொழி. ஒரு வருடம் என்பதற்கு நீங்களெல்லாம் சாட்சி. எழுந்து நில்லுங்கள்.

எழுந்துவிட்டீர்கள். நன்றி.

உட்காருவதற்கு முன் இன்னும் ஒன்று. இந்த வகுப்பைத் தொடங்க ஐலா இந்த ஊருக்கு வந்த நாளில், இதே கூடத்தில் அவரை அறிமுகம் செய்துவைத்தார்கள். நான் இருந்தேன். இளம்பெண், கழுத்தில் சிவப்புக் கம்பளித்துண்டு, பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி அவர் சொன்னார்: "ஒரே ஒரு வருஷம்தான் இருப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."